செத்தவை மறுத்துக் கதைக்க மாட்டினம்

மலர்ச்சாலையில் ஒரு பெரியவர் ஒலிவாங்கியைப் பிடித்து, இறந்தவர் தன் வாழ்நாளில் ஒருவரையும் கடிந்து ஒரு சொல் சொன்னதில்லை என்று உருகிக்கொண்டிருந்தார். மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு பெண்குரல் வந்தது. சத்தம் போடவில்லை, ஆனால் எல்லாருக்கும் கேட்டது.

"என்னை வாய்க்கு வந்தபடி பேசினவர்."

இறந்தவர் மொன்றியலின் பார்க் எக்ஸ் பகுதியில் மரக்கறிக் கடை வைத்திருந்தவர். வெண்டிக்காயின் நுனியை முறித்துப் பார்த்த எவரையும் அவர் சும்மா விட்டதில்லை. அந்த மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் எப்போதாவது ஒருநாள் வெண்டிக்காய் முறித்தவர்கள்தான். பெரியவர் தாளைத் திருப்பிப் பார்த்தார். அடுத்த வரியிலும் இறந்தவரின் பொறுமையைப் பற்றியே எழுதியிருந்திருக்க வேண்டும், அதை விட்டுவிட்டு நேரே தேவாரத்துக்குப் போனார். முன்வரிசையில் மனைவியின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்றுதான் நினைத்தோம். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். சிரித்து முடிந்த பிறகுதான் அழுதார். அதுவரை அவர் அழவேயில்லை என்று பிறகு சொன்னார்கள்.

நான் அக்கா என்று கூப்பிட்ட அந்தப் பெண்ணைப் பற்றி எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான். பெயரை எழுதப் போவதில்லை. எழுதாவிட்டாலும், மொன்றியலில் ஒரு தடவையாவது அஞ்சலி உரை ஆற்றியவர்களுக்கு அவர் யார் என்று விளங்கும். சிலர் இதைப் படிக்கும்போதே மூன்றாம் வரிசையைத் திரும்பிப் பார்க்கலாம். பயப்படத் தேவையில்லை. அவர் சில வருடங்களுக்கு முன் மகளோடு இருக்க டொரன்டோவுக்குப் போய்விட்டார். இனி அது அந்த ஊர்க்காரரின் பாடு.

வில்லரேப் பகுதியில் ஒரு மூன்று மாடி வீட்டின் மேல்தளத்தில் அவர் இருந்தார், நான் நடுத்தளத்தில். பகலில் டவுன்டவுனில் ஒரு ஹோட்டல் குசினியில் மரக்கறி வெட்டுகிற வேலை. பின்னேரம் மெட்ரோவில் வந்து, குளித்து, வெள்ளைச் சேலை கட்டி, வெளிப்படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கி, என் கதவைத் தட்டுவார். என்னிடம் கார் இருந்தது. அதைவிட வேறு எந்தத் தகுதியும் எனக்கு இருந்ததாக அவர் நினைக்கவில்லை.

கலியாணத்துக்கு அழைப்பு வேண்டும். செத்தவீட்டுக்கு வேண்டாம். எங்கள் சனத்தின் இந்த நல்ல வழக்கத்தை அவரைப்போல முழுதாகப் பயன்படுத்திக்கொண்டவர் எவருமில்லை. தெரிந்தவர், தெரியாதவர், தெரிந்தவரின் தெரிந்தவர் என்று எல்லாருடைய கடைசிச் சடங்குக்கும் போனார். முன்னால் போய்க் கும்பிடுவார், குடும்பத்தின் கையைப் பிடிப்பார், பிறகு மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொள்வார். திரும்பி வரும்போது காருக்குள் அன்றைய உரைகளைத் துண்டு துண்டாகப் பிரித்துப் போடுவார். செத்தவை மறுத்துக் கதைக்க மாட்டினம் என்ற துணிவில்தான் உவங்கள் இவ்வளவும் சொல்கிறார்கள் என்பது அவருடைய நிரந்தரமான முறைப்பாடு.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு, இறந்தவரின் வாழ்க்கையைப் புகழ்ந்து அச்சடிக்கும் கல்வெட்டுப் புத்தகங்களை அவர் படித்ததுபோல எவரும் படித்ததில்லை. மற்றவர்கள் அட்டைப்படத்தைப் பார்த்துவிட்டுப் பைக்குள் வைப்பார்கள். அவர் சாப்பாட்டு வரிசையில் நின்றுகொண்டே முழுவதையும் படித்துவிடுவார். ஒரு கல்வெட்டில் ஒருவரை 'அஞ்சல் திணைக்களத்தின் உயரதிகாரி' என்று போட்டிருந்தார்கள். அவர் ஊரில் சைக்கிளில் தபால் கொடுத்தவர். அக்கா இறந்தவரின் மகனைத் தேடிப் பிடித்தார். மகன் கையில் வடைத் தட்டு.

"ஏன் தம்பி, கொப்பர் தபால்காரனா இருந்தது உமக்கு வெக்கமே? எங்கட ஒழுங்கைக்கு வந்த அவ்வளவு கடுதாசியும் அவர்தான் கொண்டந்தவர். மழைக்கு என்ர கடுதாசியை நனையாமல் சேட்டுக்குள்ள வச்சுக் கொண்டந்த மனிசன். உந்த உயரதிகாரி ஆர்?"

மகன் வடையைக் கீழே வைத்தார். நாங்கள் புறப்படும்போது பார்த்தேன், மிச்சக் கல்வெட்டுகளைப் பெட்டியில் போட்டு மூடிக்கொண்டிருந்தார்.

சனம் சும்மா இருக்கவில்லை. அவரைக் கடைசி வரிசைக்கு நகர்த்திப் பார்த்தார்கள். அங்கிருந்தும் குரல் கேட்டது. உரை தொடங்கும் நேரம் பார்த்து கோப்பி கொடுத்து வெளியே அழைத்துப் போக ஓர் ஆளை ஏற்பாடு செய்தார்கள். அவர் கோப்பியை வாங்கிக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். பேசப் போகிறவர்கள் முதலில் சபையை ஒரு சுற்றுப் பார்த்து, அவர் வந்திருக்கிறாரா என்று நிச்சயப்படுத்திக்கொள்ளும் பழக்கம் வந்தது. வந்திருந்தால் உரை பாதியாகக் குறையும். அதற்காகவே அவரை விரும்பியவர்களும் உண்டு, வெளியில் சொல்லமாட்டார்கள்.

எல்லாம் சிரிப்பாக முடியவில்லை. ஆற்றுக்கு அப்பால் லவாலில் ஒருவர் இறந்தார். மாரடைப்பு என்று குடும்பம் சொன்னது. மனிதரைக் குடி தின்றது என்பது ஊருக்கே தெரியும். அவருடைய சின்ன மகள் ஒரு தாளைப் பிடித்து, பாதி பிரெஞ்சும் பாதி தமிழுமாக, அப்பா ஒவ்வொரு நாளும் எங்களோடு இருந்து இரவுச் சாப்பாடு சாப்பிடுவார் என்று வாசித்தாள். அக்கா வாயைத் திறந்தார். அவர் எந்த இரவு வீட்டில் இருந்தவர் என்று கேட்டார். பெண் நிறுத்தினாள். தாளை நாலாக மடித்தாள். தாய்க்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். மண்டபத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை.

வரும் வழியில் பாலத்தில் வைத்து, அது குழந்தைப் பிள்ளை அக்கா என்றேன்.

"அந்தப் பிள்ளைக்குத் தெரியும் தம்பி. தெரிஞ்ச பிள்ளையிட்டப் பொய்யை எழுதிக் குடுத்து வாசிக்க விட்டவையைக் கேள்."

நான் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. இன்றும் ஏற்றுக்கொள்ளவில்லை. அந்தக் குளிர்காலம் முழுவதும் காரில் ஒரு குறை இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். கார் நன்றாகத்தான் இருந்தது. அது அவருக்கும் தெரியும். பஸ்ஸிலும் மெட்ரோவிலுமாகச் செத்தவீடுகளுக்குப் போய்வந்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

திரும்ப நாங்கள் பேசத் தொடங்கியது அவர் வீட்டுத் தண்ணீர்க் குழாய் ஒழுகியதால். திருத்தப் போனேன். குசினிச் சுவரில், அடுப்புக்கு மேலே, ஒரு மனிதரின் படம் இருந்தது. பெனியனும் சாரமும், கையில் அகப்பை, கமெராவைப் பார்த்து முழித்த முழி. சுவாமி அறையில் வைக்க வேண்டிய படத்தை ஏன் இந்தப் புகைக்குள் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் சமைத்த மனிதர், இங்கேதான் நிற்பார் என்றார்.

அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்துப் பொடியள் கூட்டம் கூட்டமாகக் கப்பலுக்குப் போனார்கள். படத்தில் நிற்கிற அக்காவின் கணவரும் போனார், சமையற்காரராக. கடைசியாக ஏறியது ஓர் எண்ணெய்க் கப்பல். வளைகுடாவில் இரண்டு நாடுகள் சண்டை பிடித்துக்கொண்டிருந்தன. ஒன்று மற்றதன் எண்ணெயை அடிக்க, அது இதன் எண்ணெயை அடிக்க, நடுவில் போன கப்பல்களெல்லாம் வாங்கிக் கட்டின. இவர்களுடைய கப்பலுக்கும் அடி விழுந்தது. கொழும்பிலிருந்த ஏஜென்சிக்காரர் சொல்லித்தான் அவருக்குக் கணவர் எந்தக் கடலில் இருந்தார் என்பதே தெரியும். யப்பான் பக்கம் போகிறேன் என்றுதான் கணவர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். உடல் வரவில்லை. எந்த நேரத்தில் விழுந்தது, அந்த நேரம் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று இவர் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். தெரியாது என்று கொம்பனி சொல்லிவிட்டது. அதற்குமேல் ஒன்றும் வரவில்லை.

அந்தியேட்டியன்று வீட்டு முற்றத்தில் ஒரு வாத்தியார் பேசினாராம். 'கப்பல் அதிகாரியாகக் கடல்களை ஆண்டவர்' என்றாராம். அக்காவுக்கு அப்போது சின்ன வயது, மடியில் குழந்தை. அவர் குசினியில் நின்றவர் என்று சொல்ல வாய் உன்னியதாம். சொல்லவில்லை. மாமியார் பெருமையாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார். இதை என்னிடம் சொல்லும்போது குழாயைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அண்டைக்குச் செத்தது ஆரெண்டு எனக்கு விளங்கேல்லை தம்பி. அழக்கூட முடியேல்லை. ஆரோ ஒரு அதிகாரிக்கு நான் என்னத்துக்கு அழுறது?"

அந்த வருடந்தான் எங்கள் தமிழ்ச் சங்கத் தலைவருக்கு மாலுமிகள்மேல் திடீரென்று அன்பு பிறந்தது. வீடு விற்று வாங்கிக் கொடுக்கும் தொழில் அவருக்கு. பஸ் தரிப்பிடங்களில் அவருடைய சிரித்த முகம் இருக்கும். இந்த நாட்டில், போர்க்காலத்தில் சரக்குக் கப்பல்களில் போய்க் கடலில் மாண்ட மாலுமிகளை ஆண்டுதோறும் நினைவுகூருகிறார்கள் என்பதையும், அதற்கு நகரசபைப் பிரமுகர்கள் வந்து மலர் வைக்கிறார்கள் என்பதையும், அங்கே படம் எடுக்கிறார்கள் என்பதையும் அவர் கண்டுபிடித்துவிட்டார். தமிழ் மாலுமிகளுக்கும் ஒரு நினைவுநாள் வேண்டும், ஆற்றங்கரையில், ஒரு பிரமுகரோடு. மாலுமிகள்தான் குறைவாக இருந்தார்கள். வானொலியில் அறிவித்தார். குடும்பங்கள் படங்களோடு வந்தன. ஒருவர் தீவுப்பகுதிக்கு ஓடும் லோஞ்சுப் படகில் டிக்கற் கிழித்தவர். இன்னொருவர் கப்பலுக்குப் போனவர்தான், ஆனால் பத்திரமாகத் திரும்பி வந்து ஸ்காபரோவில் சலரோகத்தில் இறந்தவர். தலைவர் எல்லாரையும் கடலில் போட்டார்.

பிறகு அக்காவிடம் வந்தார். குழாய் மறுபடி ஒழுகியதால் நானும் அங்கே இருந்தேன். கணவரின் படம் கேட்டார். அக்கா அடுப்புக்கு மேலே காட்டினார். தலைவர் பெனியனையும் அகப்பையையும் கொஞ்ச நேரம் பார்த்தார். சீருடையில் ஏதும் படம் இல்லையா என்றார். இல்லை. பிரச்சினையில்லை, கொம்பியூட்டரில் ஒரு சீருடை போட்டுவிடலாம் என்றார். என்ன பதவிச் சீருடை என்று அக்கா கேட்டார். நீங்கள் விரும்பினதைச் சொல்லுங்கள் என்றார் தலைவர்.

அக்கா சிரித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். தலைவரும் கூடச் சிரித்தார், தான் ஏதோ நல்ல பகிடி விட்டதாக நினைத்து. அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, விளக்கேற்ற வருகிறேன், இரண்டு வார்த்தை பேசவும் வருகிறேன் என்று அக்கா சம்மதித்தார். எனக்குத்தான் குழாய்ச்சாவி கையிலிருந்து நழுவியது.

நிகழ்ச்சி பழைய துறைமுகத்தில், ஆற்றோரம், நல்ல காற்று. மேடைக்குப் பின்னால் பெரிய பதாகையில் ஒரு கப்பல். இணையத்தில் எடுத்திருக்கிறார்கள். உற்றுப் பார்த்தால் மேல்தட்டில் நீச்சல்குளமும் பிள்ளைகள் சறுக்கி விழும் சறுக்குமரமும் தெரிந்தன. உல்லாசப் பயணக் கப்பல். அதன் கீழே வரிசையாக இறந்தவர்கள். நடுவில் அக்காவின் கணவர். பால் வெள்ளைச் சீருடை, தோளில் தங்கப் பட்டி, தலையில் கப்டன் தொப்பி. முகம் மட்டும் அதே முழி. அகப்பை இருந்த கையில் இப்போது தொலைநோக்கி.

அறிவிப்பாளராக இங்கே படிக்க வந்த ஒரு சென்னைப் பெண்ணைப் பிடித்திருந்தார்கள். தலைவர் எழுதிக் கொடுத்ததை அவள் தெளிவாக வாசித்தாள். பிரமுகர் பிரெஞ்சில் பேசி மலர் வைத்தார். தலைவர் பேசினார். கடலன்னையின் மடி, அலைகளின் தாலாட்டு, தமிழரின் கடலாண்ட பரம்பரை எல்லாம் வந்தன. நான் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் குறுக்கே பேசவில்லை. எனக்குப் பயம் கூடியது.

முறை வந்ததும் எழுந்து போனார். விளக்கை ஏற்றினார். காற்று அணைத்தது. மறுபடி ஏற்றவில்லை. ஒலிவாங்கிக்கு முன்னால் நின்று பதாகையைத் திரும்பிப் பார்த்தார்.

"உதில தொப்பியோட நிக்கிறவரை எனக்குத் தெரியாது. என்ர மனிசன் கப்பலில சமைச்சவர். எண்ணெய்க் கப்பல். எண்ணெயும் எங்கட இல்லை, சண்டையும் எங்கட இல்லை. அந்தப் பக்கம் போனால் இரட்டைச் சம்பளம் எண்டு போனவர். நான் பயந்திடுவன் எண்டு யப்பானுக்குப் போறன் எண்டு பொய் சொல்லிப்போட்டுப் போனவர். அவருக்கு நீந்தத் தெரியாது. கிணத்தை எட்டிப் பார்க்கவும் பயம். அப்பிடிப் பயந்த மனிசன் போனவர். சம்பளத்துக்குப் போய்ச் செத்த மனிசரையும் இருந்து நினைக்கலாம். அதுக்கு அவையளுக்குத் தொப்பி போடத் தேவையில்லை."

இவ்வளவுதான். இறங்கினார். ஒரு சொல்லும் விளங்காத பிரமுகர் நெஞ்சில் கை வைத்து முதலாவதாகக் கைதட்டினார். அக்கா என்ன சொன்னார் என்று தலைவரிடம் கேட்டார். தன் கணவர் மாவீரர் என்று சொன்னதாகத் தலைவர் பிரெஞ்சில் மொழிபெயர்த்தார். பிரமுகர் இன்னும் பலமாகத் தட்டினார். அறிவிப்பாளப் பெண் அடுத்த தாளை எடுத்தாள், பார்த்தாள், பிறகு அதைப் படிக்காமல் "நன்றிங்க" என்று மட்டும் சொல்லி நிகழ்ச்சியை முடித்தாள். அந்தக் காணொளி அடுத்த நாள் சங்கத்தின் பக்கத்தில் வந்தது. விளக்கேற்றுவது இருந்தது, கைதட்டுவது இருந்தது. நடுவில் வீணை இசை.

சனம் கலைந்து சிற்றுண்டிப் பக்கம் போனது. அக்காவோடு பேச எவரும் வரவில்லை. நான் காரை எடுக்கலாமா என்று கேட்கப் போனபோதுதான் சக்கரநாற்காலியில் ஒரு வயதான அம்மாவைத் தள்ளிக்கொண்டு அவருடைய மகள் வந்தார். லவாலிலிருந்து வருகிறோம், வானொலியில் கப்பலின் பெயரைக் கேட்டு வந்தோம் என்றார். அம்மாவின் மூத்த மகன் அதே கப்பலில் எஞ்சின் அறையில் வேலை செய்தவன். அந்தக் கப்பலோடு சம்பந்தப்பட்ட ஒரு ஆளையும் அவர்கள் இதுவரை கண்டதில்லை.

அம்மா அக்காவின் கையைப் பிடித்து இழுத்தார். அக்கா குனிந்தார்.

"பிள்ளை, உன்ர மனிசன்தானே அங்க சமைச்சவர்?"

"ஓம் அம்மா."

"என்ர மோன் அண்டைக்குச் சாப்பிட்டவனோ? பசியோட போனானோ எண்டுதான் எனக்கு இவ்வளவு காலமும்."

கப்பலுக்கு விழுந்தது காலையா, மதியமா, இரவா என்று அக்காவுக்குத் தெரியாது. அவருக்குத் தெரியாது என்பது எனக்குத் தெரியும். லவாலில் தாளை மடித்த அந்தச் சின்னப் பெண்ணின் விரல்கள் எனக்கு முன்னால் வந்து நின்றன. அக்காவின் வாயை எப்படி மூடுவது என்று யோசித்தேன். தோளைத் தொட்டு, அக்கா, நேரமாகிறது என்றேன். அவர் என் கையைத் தட்டிவிட்டார்.

"சாப்பிட்டிட்டுத்தான் அம்மா. அண்டைக்குக் கோழிக்கறி. உங்கட மோன் இரண்டாந்தரமும் போட்டுச் சாப்பிட்டவராம்."

அம்மா ஆற்றுப் பக்கம் திரும்பினார். காற்றில் அவருடைய முந்தானை பறந்தது. மகள் அதை இழுத்துச் செருகினார்.

"அவன் அப்பிடித்தான்," என்றார். "கோழி எண்டால் விடான்."

பக்கத்தில் கிடந்த ஒரு கதிரையை இழுத்துப் போட்டு அக்கா உட்கார்ந்தார். அப்படிச் சொல்லுங்கள் என்றார். உங்கள் மகன் உப்புக் குறைவு, உறைப்புக் கூட என்று என் மனிதரோடு ஒவ்வொரு நாளும் சண்டை என்றார். சண்டை பிடித்துவிட்டுத் தட்டை வழித்துத் துடைத்துச் சாப்பிடுவாராம். எஞ்சின் எண்ணெய் படிந்த கையோடு குசினிக்குள் வந்து சட்டியைத் திறந்து பார்ப்பாராம், இவர் அகப்பையால் அடித்துத் துரத்துவாராம். சின்ன வயதிலும் அதே பழக்கந்தான் என்று அம்மா சொன்னார். சட்டி திறக்கிற சத்தம் கேட்டால் எந்த மூலையிலிருந்தும் ஓடிவருவான் என்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள். மகள் ஒரு பக்கமாகத் திரும்பி நின்று கண்ணைத் துடைத்தார்.

சங்கத்து ஆட்கள் கதிரைகளை மடித்து வான் வண்டியில் ஏற்றத் தொடங்கினார்கள். பதாகையைச் சுருட்டினார்கள். கப்டனும் தொலைநோக்கியும் சறுக்குமரமும் ஒன்றாகச் சுருண்டு உள்ளே போயின. தலைவர் வந்து மணிக்கூட்டைப் பார்த்தார், ஒரு கதிரைக்காக வான் காத்துநிற்கிறது என்று என்னிடம் சொன்னார். நேரே போய்க் கேட்க அவருக்கு அன்று துணிவில்லை. நான் போனேன்.

அக்கா நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் கூச்சமும் இல்லை, கோபமும் இல்லை.

"நீ போய்க் காரில இரு தம்பி," என்றார். "எனக்கு இன்னும் கதை கிடக்கு."